நாரிச் ஆண்கள் தங்கள் பேச்சைத் தாழ்த்திச் சொன்னது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

சமூக மொழியியல் பாடநூல் எதைப் புரட்டினாலும் ஒரு செய்தி கட்டாயம் கண்ணில் படும்: ஒரே வர்க்கத்தைச் சேர்ந்த ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண் தர வழக்கை, அதாவது பள்ளியும் வானொலியும் சரியென்று ஏற்கும் பேச்சை, ஒட்டிப் பேசுகிறாள்; ஆண் வட்டார வழக்கை, அதாவது ஊர் வழக்கை, ஒட்டிப் பேசுகிறான். இதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஊர்களில் முன்வரிசையில் நிற்பது இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியிலுள்ள நாரிச் நகரம். மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1968-இல் அங்கே ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று திரட்டிய பேச்சு, 1972-இல் கட்டுரையாகவும் 1974-இல் நூலாகவும் வந்தது. அன்றிலிருந்து அதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. ஆனால் காட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்களைப் பற்றிய பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வில் உண்மையிலேயே புதிதாகக் கிடைத்த செய்தி ஆண்களைப் பற்றியது. இந்தக் கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

ஊரும் முறையும்

நாரிச் பழைய நகரம். நடுவே தேவாலயம்; அன்று சுற்றிலும் காலணித் தொழிற்சாலைகளும், கடுகும் சாக்லேட்டும் செய்யும் ஆலைகளும் இருந்தன. லண்டனிலிருந்து வெகு தொலைவு என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சில் வெகு தொலைவு. டிரட்கில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். யார் எப்படிப் பேசுவார்கள் என்பது அவருக்குக் காதில் ஊறியிருந்தது. வெளியூரார் ஒருவர் இதே ஆய்வைச் செய்திருந்தால் மக்கள் இவ்வளவு தூரம் வாயைத் திறந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 50 பேர், அவர்களோடு பள்ளி மாணவர்கள் 10 பேர், ஆக 60 பேர். தொழில், வருமானம், கல்வி, வீடு, குடியிருக்கும் பகுதி, தந்தையின் தொழில் என ஆறு அளவுகளுக்கு மதிப்பெண் போட்டு ஐந்து வர்க்கங்களாகப் பிரித்தார்: நடுத்தர வர்க்கம் இரண்டு அடுக்கு, உழைக்கும் வர்க்கம் மூன்று அடுக்கு. ஒவ்வொருவரையும் நான்கு நிலைகளில் பேச வைத்தார். சொற்பட்டியலைப் படிப்பது, பத்தியைப் படிப்பது, நேர்காணலின் கவனமான பேச்சு, தன்னை மறந்த இயல்பான பேச்சு.

அந்த நான்காவது நிலையை எப்படி வரவழைப்பது என்பதுதான் இத்தகைய ஆய்வுகளின் உயிர்நாடி. நியூயார்க்கில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் ‘செத்தேன் என்று நினைத்த தருணம் ஏதாவது உண்டா’ என்று கேட்டுப் பேச வைத்தார். நாரிச்சில் அது எடுபடாது என்று டிரட்கில் கருதினார். அமைதியாக வாழ்க்கை நடத்திய மனிதர்களிடம் உயிராபத்துக் கதைகள் அதிகம் கிடைக்காது. ஆகவே ‘வயிறு குலுங்கச் சிரித்த சம்பவம் ஏதாவது உண்டா’ என்று கேட்டார். சிரிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியவன் எப்படிப் பேசுகிறோம் என்பதை மறந்துவிடுவான். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த சூழ்ச்சி இதுதான்.

ஒரு சிறு ஒலி

டிரட்கில் எண்ணிய மாறிகளில் (ஆளுக்கு ஆள் மாறும் ஒலிகளில்) எளிதில் புரியக்கூடியது வினைச்சொற்களின் ஈற்றொலி. ‘வாக்கிங்’ என்பது தர வழக்கு, ‘வாக்கின்’ என்பது ஊர் வழக்கு. எப்போதும் ‘ங்’ என்று முடிப்பவருக்குப் புள்ளி 0, எப்போதும் ‘ன்’ என்று முடிப்பவருக்கு 100.

இதே ஒலியை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஜான் ஃபிஷர் என்ற மானிடவியலாளர் 24 குழந்தைகளிடம் கவனித்திருந்தார். 1958-இல் வந்த அந்தச் சிறு கட்டுரையை இன்று படித்தாலும் சலிப்பதில்லை. மூன்று வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள். பெண் பிள்ளைகள் ‘ங்’ பக்கம், ஆண் பிள்ளைகள் ‘ன்’ பக்கம் சாய்ந்தார்கள். அவர்களில் ஒருவன் ஆசிரியர்கள் மெச்சும் முன்மாதிரிப் பையன். இன்னொருவன் உடல்வலுவும் குறும்பும் கொண்ட, எல்லா ஊரிலும் இருக்கிற பையன். முதலாமவன் ‘ங்’ என்று 38 முறை சொன்னான், ‘ன்’ என்று ஒரே ஒரு முறை. இரண்டாமவனிடம் 10-க்கு 12. அதைவிடச் சுவையானது, சொல்லைப் பொறுத்தும் ஒலி மாறியது. விமர்சிப்பது, திருத்துவது, படிப்பது போன்ற பள்ளிக்கூட வினைகளுக்கு ‘ங்’. குத்துவது, அடிப்பது, நீந்துவது போன்ற மைதான வினைகளுக்கு ‘ன்’. பத்து வயதுக்குள்ளேயே எந்த ஒலி எந்த உலகத்துக்குச் சொந்தம் என்பது குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நாரிச்சுக்கு வருவோம். கவனமான பேச்சில் கீழ் நடுத்தர வர்க்க ஆண்களின் புள்ளி 27, பெண்களின் புள்ளி 3. உழைக்கும் வர்க்கத்தின் மேலடுக்கில் ஆண்கள் 81, பெண்கள் 68. நடு அடுக்கில் 91-க்கு 81. அடியடுக்கில் 100-க்கு 97. வர்க்கம் எதுவானாலும் பெண்கள் ஒரு படி தர வழக்கின் பக்கம். இயல்பான பேச்சிலும், நடுத்தர வர்க்கத்தின் மேலடுக்கில் ஆண்களின் புள்ளி 31 வரை போக, பெண்கள் 0-இலேயே நின்றார்கள். சொற்பட்டியலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோதுகூட அடியடுக்கு ஆண்கள் 66. அதே பட்டியலை அதே அடுக்குப் பெண்கள் படித்தபோது 17. அச்சில் இருக்கும் சொல்லைப் பார்த்துப் படிக்கையிலும் ‘ன்’ என்று முடிப்பவனுக்கு ‘ங்’ தெரியாது என்று சொல்வதற்கில்லை. அவன் அதற்கு மெனக்கெடவில்லை.

பாடநூல்கள் தாண்டிப்போகும் ஓர் எண்ணும் அந்த அட்டவணையில் இருக்கிறது. கீழ் நடுத்தர வர்க்கத்தின் இயல்பான பேச்சில் ஆண்கள் 17, பெண்கள் 67. அப்படியே தலைகீழ். கவனமாகப் பேசும்போது 3-இல் நின்ற பெண்கள், சிரிக்கத் தொடங்கியதும் 67-க்குப் பாய்கிறார்கள். 60 பேரில் அந்த அடுக்கில் இருந்தவர்கள் எட்டே பேர்; ஆணும் பெண்ணுமாகப் பிரித்தால் கைவிரலில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் இருவர் மனம்விட்டுப் பேசினாலே சராசரி ஆட்டம் காணும். ஆகவே இந்த எண்ணை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் அதே கண்டிப்பை, நமக்குப் பிடித்த மற்ற எண்களிடமும் காட்ட வேண்டும். ஆறு பேரை வைத்துக் கிடைத்த ‘0’-ஐத் தலைப்பில் போட்டுவிட்டு, எட்டுப் பேரை வைத்துக் கிடைத்த ‘67’-ஐ அடிக்குறிப்புக்குத் தள்ளுவது நியாயமில்லை.

நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

ஆய்வின் இதயம் இனிமேல்தான். ஒலிப்பதிவு முடிந்த பிறகு டிரட்கில் ஒரு சோதனை வைத்தார். ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக உச்சரித்துக் காட்டி, ‘வழக்கமாக நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று குறிக்கச் சொன்னார். இன்னிசையைக் குறிக்கும் சொல் ‘ட்யூன்’ என்றும் ஒலிக்கும், ஊர் வழக்கில் ‘டூன்’ என்றும் ஒலிக்கும். காதைக் குறிப்பது தர வழக்கில் ‘இயர்’, நாரிச்சில் ‘ஏர்’. பிறகு அவர்கள் குறித்ததையும் ஒலிப்பதிவில் உண்மையில் பேசியதையும் ஒப்பிட்டார்.

காது என்ற சொல்லில் இருக்கும் அந்த உயிரொலியில் வந்த விடை இது. பெண்களில் 68 சதவீதம் பேர் தாங்கள் பேசுவதைவிட உயர்த்திச் சொன்னார்கள், அதாவது தர வழக்குக்கு நெருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார்கள்; 14 சதவீதம் பேர் தாழ்த்தி, ஊர் வழக்குக்கு நெருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். ஆண்களில் உயர்த்திச் சொன்னவர்கள் 22 சதவீதம். தாழ்த்திச் சொன்னவர்கள் 50 சதவீதம். சாலை, மூக்கு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலுள்ள ‘ஓ’ ஒலியிலும் இதே கதை: தாழ்த்திச் சொன்ன ஆண்கள் 54 சதவீதம், பெண்கள் 18 சதவீதம். ‘ட்யூன்’ சொல்லில் ஆண்களில் 94 சதவீதம் பேர் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள், உயர்த்திச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பெண்களில் 29 சதவீதம் பேர் உயர்த்திச் சொன்னார்கள்.

பெண்கள் உயர்த்திச் சொன்னதில் வியப்பில்லை. நல்ல பேச்சு என்று ஊர் ஒப்புக்கொண்டதைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வது மனித இயல்பு. வியப்பு அந்த ஆண்களிடம் இருக்கிறது. நேர்காணலில் ‘இயர்’ என்று தர வழக்கிலேயே பேசிவிட்டு, கேட்டால் ‘நான் ஏர் என்றுதான் சொல்வேன்’ என்கிறான் ஒருவன். அவன் பொய் சொல்லவில்லை. தன்னை அப்படிப் பேசுகிறவனாகவே மனத்தில் வைத்திருக்கிறான்.

‘நன்றாகப் பேச ஆசைதான்’ என்று பேட்டியில் சொன்ன பலர், சற்று அழுத்திக் கேட்டதும் பின்வாங்கியதையும் டிரட்கில் பதிவு செய்திருக்கிறார். அப்படி மாற்றிப் பேசினால் நண்பர்களும் வீட்டாரும் தங்களை அசடென்றோ, திமிர் பிடித்தவரென்றோ, கூட்டத்தைக் கைவிட்டவரென்றோ நினைப்பார்கள் என்றார்கள். தர வழக்கின் மதிப்பு வெளிப்படையானது. பள்ளியும் வானொலியும் அதை ஓதிக்கொண்டே இருக்கும். ஊர் வழக்கின் மதிப்பு யாரும் வாய்திறந்து சொல்லாதது. லபோவ் முன்வைத்த இந்த ‘மறை மதிப்பு’ என்ற கருத்துக்கு எண்ணால் சான்று தந்தது நாரிச்தான்.

காரணம் சொல்வதில் வந்த சிக்கல்

எண்கள் சரி, விளக்கம்? டிரட்கில் இரண்டு காரணங்களை முன்வைத்தார். சமூகத்தில் பெண்ணின் இடம் ஆணின் இடத்தைப் போல் உறுதியானதாக இல்லை. ஆணை அவன் செய்யும் வேலையை வைத்தும், பெண்ணை அவள் தோற்றத்தையும் நடத்தையையும் வைத்தும் எடைபோடுகிறார்கள். ஆகவே அந்தஸ்தைப் பேச்சில் காட்ட வேண்டிய நெருக்கடி பெண்ணுக்கு அதிகம். இரண்டாவது, உழைக்கும் வர்க்கப் பேச்சோடு முரட்டுத்தனமும் உடல்வலுவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஆண்மையின் அடையாளங்களாகக் கருதப்படுகின்றன.

இரண்டாவது விளக்கம் இன்றும் நிற்கிறது என்பது என் கணிப்பு. நடுத்தர வர்க்க ஆண்கள்கூட ஊர் வழக்கின் பக்கம் சாய்வதற்கு அது பொருந்துகிறது. முதலாவதைத்தான் பெண்ணிய மொழியியலாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1980-களில் டெபோரா கேமரனும் ஜெனிஃபர் கோட்ஸும் எழுப்பிய கேள்விகள் கூர்மையானவை. இத்தகைய ஆய்வுகளில் மணமான பெண்ணின் வர்க்கத்தைப் பெரும்பாலும் கணவனின் தொழிலை வைத்தே தீர்மானித்தார்கள். தொழிற்சாலைத் தொழிலாளியின் மனைவி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாலும் அவள் ‘உழைக்கும் வர்க்கம்’. அப்புறம் அவள் ‘தன் வர்க்கத்து ஆணைவிட’ தர வழக்கில் பேசுகிறாள் என்று வியந்தால், அந்த வியப்பை உண்டாக்கியதே வகைப்படுத்திய முறைதான். மேலும், ஆணின் பேச்சை அளவுகோலாக நட்டுவிட்டு, பெண் அதிலிருந்து விலகுவதற்கு மட்டும் காரணம் தேடுவது ஏன் என்றும் கேட்டார்கள். அந்தஸ்துக்கு அலைகிறாள் என்று ஒரு பக்கத்தை விளக்கினால், மறுபக்கத்துக்கும் ஒரு விளக்கம் வேண்டாமா?

நாரிச் தரவிலேயே அந்த முதல் விளக்கத்துக்கு அடங்காத ஒரு துண்டு உண்டு. ‘சூடு’, ‘நாய்’, ‘உச்சி’ ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் பழைய நாரிச் உச்சரிப்பு உதடு குவியாத ‘ஆ’-வுக்கு நெருக்கமானது. தர வழக்கு உதடு குவிந்த ‘ஒ’. இங்கே உழைக்கும் வர்க்கத்தில் ஆண்கள்தான் பெண்களைவிடத் தர வழக்கின் பக்கம் இருந்தார்கள். என்ன ஆயிற்று? அந்த ஆண்கள் அந்த ‘ஒ’-வைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்கவில்லை. பக்கத்து சஃபோக்கிலும் லண்டனைச் சுற்றிய ஊர்களிலும் பேசும் உழைப்பாளிகளிடமிருந்து எடுத்தார்கள். நடுத்தர வர்க்கப் பெண்கள் அதே ஒலியைத் தர வழக்கிலிருந்து எடுத்தார்கள். ஒரே ஒலி, இரண்டு வாசல். காதுக்கு ஒன்றாகக் கேட்பதால் நோக்கமும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது.

பெல்ஃபாஸ்ட் போட்ட முடிச்சு

பெண் என்றால் தர வழக்கு என்ற சமன்பாட்டை அசைத்தது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். 1970-களின் நடுவில், கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலான கலவரம் உச்சத்தில் இருந்த காலத்தில், மொழியியலாளர் லெஸ்லி மில்ராய் அங்கே மூன்று ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பேச்சைப் பதிவு செய்தார். முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டினால் திறக்காத காலம். ‘நண்பரின் நண்பர்’ என்ற அறிமுகத்தோடு உள்ளே போனார். வர்க்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒருவர் தன் அக்கம்பக்கத்தோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறார் என்பதை அளந்தார். உறவினர் அருகில் இருக்கிறார்களா, அதே தெருவில் இருப்பவர்களோடு வேலை செய்கிறாரா, ஓய்வு நேரத்தை அவர்களோடே கழிக்கிறாரா என்று கேட்டு 0 முதல் 5 வரை புள்ளி.

அந்த மூன்றில் ஒன்றான, கப்பல் கட்டும் தளத்தை ஒட்டிய பாலிமக்காரட்டில் பாடநூல் சொன்னபடியே நடந்தது. ஆண்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒன்றாக வேலை செய்தார்கள், மாலையில் ஒன்றாகக் குடித்தார்கள், ஊர் வழக்கில் பேசினார்கள். பெண்கள் வேலைக்காக வெளியே போனார்கள்; அவர்கள் பேச்சு தர வழக்கின் பக்கம் இருந்தது.

கிளோனார்டில் நிலைமை வேறு. அங்கே பழைய லினன் தொழில் நொடித்துப்போய், ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. வேலை தேடி அவர்கள் சிதறிப்போனார்கள். இளம்பெண்களோ ஒரே கடையில் வேலை, ஒரே தெருக்களில் வீடு, ஒன்றாகவே பொழுதுபோக்கு என்று இருந்தார்கள். பின்னல் இறுகிய பக்கம் இங்கே பெண்கள். ‘தொப்பி’, ‘மனிதன்’ ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களில் வரும் உயிரொலியை வாயின் பின்புறத்துக்குத் தள்ளி ஒலிப்பது பெல்ஃபாஸ்டின் ஊர் வழக்கு. கிளோனார்டின் இளம்பெண்கள் அதை அந்தப் பகுதியின் இளைஞர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அது கிழக்கு பெல்ஃபாஸ்டின் புராட்டஸ்டண்டு ஆண்களிடம் வலுவாக இருந்த ஒலி. இவர்கள் மேற்குப் பகுதிக் கத்தோலிக்கப் பெண்கள். இரு தரப்பினரும் வந்துபோகும் கடையின் கல்லாவில் நின்றுகொண்டு அதைப் பெற்றார்கள்.

பெண்ணின் மனம் அந்தஸ்தை நாடுகிறது என்ற விளக்கத்தை கிளோனார்டுக்குக் கொண்டுபோனால் அது அங்கேயே படுத்துவிடும். யார் யாரோடு எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு குடியிருப்புகளும் ஒரே கேள்வியில் அடங்கிவிடுகின்றன. நாரிச்சில் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. காலணித் தொழிற்சாலையில் தைத்த பெண்ணையும், கடையில் வாடிக்கையாளரோடு பேசிப் பிழைத்த பெண்ணையும் தனித்தனியே எண்ணியிருந்தால் அட்டவணை வேறு விதமாகப் பேசியிருக்கும் என்பதே என் எண்ணம்.

தமிழுக்கு இது பொருந்துமா?

நேராகப் பொருந்தாது. நாரிச்சில் தர வழக்கைத் தாய்மொழியாகவே பேசும் குடும்பங்கள் உண்டு. நம் எழுத்துத் தமிழைத் தாலாட்டிலிருந்து பேசி வளர்ந்த குடும்பம் எங்கும் கிடையாது. இதே நிலையில் இருக்கும் அரபு மொழியில் ஒரு காலத்தில் பெரிய குழப்பம் உண்டானது. செம்மொழி அரபின் உள்நாக்கு ஒலியான ‘காஃப்’-ஐப் பெண்களைவிட ஆண்களே அதிகம் பயன்படுத்துவதாக ஆய்வுகள் காட்டின. உடனே ‘அரபுப் பெண்கள் விதிவிலக்கு’ என்று எழுதினார்கள். 1986-இல் மொழியியலாளர் முகமது ஹசன் இப்ராஹிம் அந்த முடிச்சை அவிழ்த்தார்: செம்மொழி வேறு, பேச்சில் மதிப்புள்ள வழக்கு வேறு. ஜோர்டானின் அம்மான் நகரில் பெண்கள் ‘காஃப்’-க்குப் பதிலாக நகரப் பாலஸ்தீனப் பேச்சின் தொண்டையடைப்பு ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் பலர், ‘கங்கை’ என்பதன் முதல் ஒலியைப் போன்ற ஜோர்டானிய ஒலியை வைத்துக்கொண்டார்கள். இரண்டுமே செம்மொழி இல்லை. ஒன்றில் நாகரிகம், மற்றதில் முரட்டு ஆண்மை. நாரிச்சின் கதை வேறு எழுத்துகளில்.

ஆகவே தமிழில் இதை அளக்க முனைகிறவர் எழுத்துத் தமிழை ஒரு முனையில் நட்டால் முதல் அடியிலேயே தவறிவிடுவார். மொழியியலாளர் ஹெரால்ட் ஷிஃப்மன் போன்றவர்கள் ‘பொதுப் பேச்சுத் தமிழ்’ என்று விவரித்த, படித்தவர்கள் வெளியாரோடு பேசும் அந்த வழக்கை ஒரு முனையாகவும், வட்டார, சாதிப் பேச்சுகளை மறுமுனையாகவும் வைக்க வேண்டும். ஆண், பெண் என்று பிரிக்கும் முன் வேலையிடத்தையும் தெருவையும் குறித்துக்கொள்ள வேண்டும். ‘பழம்’ என்கிறீர்களா ‘பளம்’ என்கிறீர்களா என்ற கேள்வி கையில் கிடைக்கும் எளிய சோதனை. அதைப் பேட்டியின் கடைசியில் வைக்க வேண்டும். முதலில் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு வாயிலிருந்து வரும் ஒவ்வொரு ‘ழ’-வும் கேள்விக்கான விடையாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இயல்பான பேச்சு எதுவும் ஒலிப்பதிவில் மிஞ்சியிருக்காது.